உம்மாவின் பெயரில் ஒரு பெனல்

1

போன வாரம் செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு மச்சானுக்கு கோல் எடுத்தேன். பதில் இல்லை. ராத்தாவுக்கு எடுத்தேன். அதுவும் அடித்து ஓய்ந்தது.

ஒரு மணி எனக்குச் சாப்பாட்டு நேரம். அங்கே பின்னேரம் ஆறரை. மஃரிப் தொழுதுவிட்டு மச்சான் வாசலில் இருப்பார். ஒரு வருசமாக இதுதான் நேரம். மச்சான் எடுத்து, "ஓம், எரியிது" என்பார். விளக்கு எரிகிறது, யானை வேலிக்கு கரண்ட் போகிறது என்று அர்த்தம். பிறகுதான் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பேன்.

அன்றைக்குத் திறக்கவில்லை. பெட்டியோடு திரும்பிப்போய் அடுத்த பஸ்ஸைக் கழுவினேன்.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஊரில் பஸ் டிப்போவில் வேலை. சொந்த ஊர் கல்முனை. சுனாமிக்கு அடுத்த வருசம் இங்கே வந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுதிப் பழக்கமில்லை. இதை ஊரில் இருக்கிறவர்கள் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பெயர் போட்டுத் தர்மம் செய்கிறவர்களும், பெயரோடு தர்மம் வாங்குகிறவர்களும்.

2

எனக்கு மூத்தவள் ராத்தா ஒரே ஒருத்தி. கல்முனையில் கடலுக்குப் பக்கத்தில் அவளுக்குச் சீதன வீடு இருந்தது. கடல் வந்து கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவள் கடலைப் பார்க்க மாட்டாள். அவள் புருசன் ஹனீபா மச்சானின் வாப்பாவுக்குப் பொத்துவிலுக்கு அங்கால வயல் காணி. யுத்தப் பிரச்சினைக் காலத்தில் விட்டு ஓடிய காணி. இருவரும் பிள்ளைகளோடு அங்கே போனார்கள். ரோட்டு முடிந்து, மணல் பாதை முடிந்து, வயல் வட்டைக்குள் இருக்கிற இருபதுக்குக் கொஞ்சம் மேலான வீடுகள். பிள்ளைகள் கலியாணம் முடித்து வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். இப்போது இரண்டு பேர்தான்.

கரண்ட் லைன் அங்கே வரவில்லை. லைனுக்குக் காணிப் பத்திரம் வேண்டும். பத்திரத்துக்கு ஒரு அரசாங்கக் கந்தோர். அந்தக் கந்தோரில், இது காடா வயலா என்று முதலில் வேறொரு கந்தோர் சொல்ல வேண்டும் என்றார்கள். மச்சான் பைலைத் தூக்கிக்கொண்டு அலைந்து அலைந்து, கடைசியில் பைலை அரிசிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எலி வெட்டாமல் இருக்க.

கடலுக்குப் பயந்து போனவளுக்கு அங்கே யானை. பெரும்போக வெள்ளாண்மை முத்துகிற நேரம் வரும். வயலில் தின்றது வயிற்றுக்குக் காணாவிட்டால் நெல் மூட்டை இருக்கிற சுவரைத் தேடி வரும். குப்பி விளக்கும் யானை வெடியும்தான் அவர்களிடம் இருந்தது.

சோலார் வைத்தால் யானை வேலிக்கு கரண்ட் கொடுக்கலாம், வேலி ஓரத்தில் விடிய விடிய விளக்கு எரிக்கலாம், வீடுகளுக்கும் இரண்டு பல்பு கொடுக்கலாம் என்று காரைதீவுத் தம்பி ஒருவர் கணக்குப் போட்டுத் தந்தார். சதீஸ் என்று பெயர். பன்னிரண்டு பெனல், பெட்டரி, கம்பி. தனி ஆளால் முடிகிற காரியம் இல்லை.

3

இங்கே இங்கிலாந்தில் நான் இருக்கிற ஊரில் எங்கள் கல்முனைக் கரையோரத்து ஆக்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். டெக்ஸி ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள். ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்று கேட்டேன். எல்லாரும் நல்ல விசயம் என்றார்கள். நல்ல விசயம் என்று சொல்லிவிட்டுக் காருக்குள் ஏறினார்கள். மூன்று வெள்ளிக்கிழமை இப்படிப் போனது.

நாலாவது வெள்ளி நான் ஒரு வார்த்தை சொன்னேன். யாரும் சொல்லித்தரவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

"ஒவ்வொரு பெனலும் ஒவ்வொருத்தர்ட வீட்டுல மௌத்தாப்போனவங்கட பேருக்கு. பேர் எழுதி ஒட்டுவம். போட்டோ எடுத்து அனுப்புவம்."

நமக்கு இது புதிது இல்லை. நம் பள்ளிகளில் ஃபேன் இறக்கையைப் பாருங்கள். மர்ஹூம் இன்னாரின் நினைவாக. மணிக்கூட்டில் பெயர், ஒளு செய்து கை கால் கழுவுகிற ஹவுளில் பெயர், கிணற்றுக் கட்டில் பெயர். அதில் ஒருவர் தண்ணீர் அள்ளுகிற வரைக்கும் மண்ணுக்குள் கப்றில் இருக்கிறவருக்கு நன்மை போய்க்கொண்டிருக்கும். வெளிச்சத்துக்கும் அப்படித்தானே என்றேன்.

முதலில் கை நீட்டினவர் ரஸீன் ஹாஜியார். சாமான் கடை வைத்திருக்கிறார். தன் உம்மாவின் பெயருக்கு ஒன்று என்றார். பெட்டரிக்கும் பாதி நான் என்றார். பிறகு டெக்ஸி ஓட்டுகிற ஜவ்பர், வாப்பாவின் பெயருக்கு. அன்றைக்கே பன்னிரண்டும் முடிந்தது. ஒன்று என் உம்மாவின் பெயருக்கு.

காசை அனுப்பப் போனால் பேங்க் ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. யாருக்கு, எதற்கு, உனக்கு அவர் என்ன முறை என்று கடிதம். ராத்தா என்று எழுதினேன். அப்படியென்றால் பொதுக் காரியம் இல்லையே என்று மறு கடிதம். விளக்கு எரிகிற போட்டோ கேட்டார்கள். காசு போனால்தான் எரியும் என்று மகளைக்கொண்டு எழுதுவித்தேன்.

சதீஸ் வீட்டு வளவில் பெனல்களைப் பொருத்திவிட்டுப் போகும்போது மச்சானிடம் சொல்லியிருக்கிறார்: "மேல ஒண்டும் வைக்காதீங்க. உடுப்புக்கூட காயப் போடாதீங்க." மச்சான் கவனமான ஆள். பெனலுக்குப் பக்கத்தில் உடுப்புக் கொடி கட்டவே விடவில்லை. வாழையை வெட்டினார். ஒரு இலை நிழல் விழ விடவில்லை.

அடுத்த கிழமை பெயர்களை ஒட்டினார்.

பின்பக்கம் ஒட்டினால் யாருக்குத் தெரியும். பெனலைச் சுற்றி இருக்கிற சட்டம் ஒரு விரல் அகலம்தான். பன்னிரண்டு பெயரையும் ஒரே பலகையில் எழுதலாம் என்று நினைத்தோம். முதலாவது யார் பெயர் என்று இங்கே கதை வந்தது. ஆகவே அவரவர் பெனலில் அவரவர் பெயர், கண்ணாடியின் மேல். பொத்துவிலில் அடித்த ஸ்டிக்கர், பள்ளிக்கூடக் கொப்பி அளவு. வெள்ளையில் பச்சை எழுத்து. மேலே அரபியில் பிஸ்மி.

போட்டோ வந்தது. ஹாஜியார் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனார்.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் போட்டோ கேட்டேன். மச்சான் அனுப்புவார். நான் பள்ளியில் காட்டுவேன்.

4

முதல் எட்டு மாதம் நல்ல வெயில். குறை ஒன்றும் இல்லை. மாரி தொடங்கியது. விடிவதற்கு முதல் கரண்ட் நிற்கத் தொடங்கியது.

என் போனில் ஒரு கோட்டுப் படம் வரும். பெட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று அதில் இலக்கம் காட்டும். எனக்குப் பின்னேரம் என்றால் அங்கே நடுச்சாமம். நான் சோறு தின்னும்போது அங்கே ராத்தா தூங்குகிறாள், இலக்கம் இறங்குகிறது. நாற்பது. முப்பத்தொன்று. என் மனிசி ரொட்டி கொண்டுவந்து வைப்பாள். இருபத்திரண்டு. போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுவாள். வைப்பேன். திருப்பிப் பார்ப்பேன். பிறகு கோடு அறுந்துவிடும். கரண்ட் நின்றதும் படமும் நின்றுவிடும். அதற்குப் பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. விடியும் வரைக்கும் வேலி வெறும் கம்பி. அது யானைக்குத் தெரிகிறதா தெரியவில்லையா என்பதுதான் கேள்வி.

வீட்டுப் பல்புகளை எட்டு மணிக்கே அணைத்தார்கள். அப்படியும் விடியும் வரைக்கும் காணாது.

"பெட்டரி காணாது போல," என்றார் மச்சான்.

நானும் அதையே பள்ளியில் சொன்னேன். இன்னும் இரண்டு பெட்டரி எடுப்போம் என்று ஹாஜியார் சொன்னார். நோன்புக்கு முதல் தருவதாகப் பேச்சு. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செவ்வாய்க்கிழமை கோல் எடுக்காத காரணம் புதன்தான் தெரிந்தது. செவ்வாய் விடிவதற்கு முதல் குசினிச் சுவரை யானை தள்ளியிருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ராத்தாவின் பாய். அன்று முழுக்க இரண்டு பேரும் கல் அடுக்கி, சாமானைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய், போனைச் சார்ஜில் போடவே மறந்துவிட்டார்கள்.

"பெரிசா ஒண்டுமில்ல தம்பி. நாலு கல்லு விழுந்திச்சு," என்றாள் ராத்தா.

"நீங்க எங்க படுத்திருந்தீங்க?"

"படுக்கல்ல. தஹஜ்ஜுத் தொழ எழும்பி ஒளு எடுக்கப் போன நேரம்."

"பாயில?"

"பாயிலதான் கல்லு விழுந்திச்சு."

அதற்குப் பிறகு அவள் என் மனிசியின் முழங்கால் வலி எப்படி என்று கேட்டாள்.

5

மகள் ஸஹ்லா வேறு ஊரில் படிக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு உடுப்புக் கழுவ வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்லுவாள். ராத்தாவை மாமி என்று சொல்ல வராது. "உங்கட சிஸ்டர்" என்பாள். ஏழு வயதில் ஊருக்குப் போனது, அதோடு சரி. அவள் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன்.

நான் போனை வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்து வாங்கினாள். படத்தைப் பார்த்தாள்.

"இது இரவுல குறையிற பிரச்சின இல்ல வாப்பா. பகல்லயே நிறையிறல்ல."

"மழை."

"மழை இல்லாத நாளும் நிறையல்ல. பெனல்ட போட்டோ இருக்கா?"

காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்த வெள்ளை என்ன?"

"பேர்."

"எல்லாத்திலயுமா?"

"ஓம்."

"யார் ஒட்டினது?"

"நாங்கதான்."

அவள் மேசையில் இருந்த பேரீச்சம் பழங்களை எடுத்து வரிசையாக வைத்தாள். இது எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்று என்றாள். ஒன்றில் ஒரு மூலையை மறைத்தாலும் அந்த மூலையோடு போகாது, அந்தப் பெனலில் பெரிய பங்கு படுத்துவிடும், வரிசையையும் இழுக்கும். பன்னிரண்டிலும் மறைத்து வைத்திருக்கிறீர்கள். நல்ல வெயிலில் தாக்குப் பிடிக்கும். மாரியில் பிடிக்காது. புதுப் பெட்டரி வாங்கினாலும் நிறைக்க ஒன்றும் வராது.

"பள்ளி ஃபேன்லயும் எழுதித்தான் இருக்கு," என்றேன்.

"ஃபேன் எழுதினாலும் சுத்தும் வாப்பா."

உடுப்பைக் காயப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போனாள். போகும்போது கதவடியில் நின்று, "அவங்க அந்த சுவர் ஓரத்துலயா இன்னும் படுக்கிறாங்க?" என்று கேட்டாள். அவள் ராத்தாவைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

6

அன்றைக்கே மச்சானுக்குச் சொல்லியிருக்கலாம். கழட்டுங்கள் என்று ஒரு சொல். சொல்லவில்லை. பெயர் ஒட்டுவோம் என்று பள்ளி வாசலில் நின்று வாக்குக் கொடுத்தவன் நான். கேட்காமல் கழட்ட மனம் வரவில்லை. பெட்டரிக் காசும் அவர்களிடம்தான் இருக்கிறது. சுவரும் புதிதாகக் கட்ட வேண்டும்.

முதலில் ஜவ்பருக்கு எடுத்தேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன்.

"கழட்டுங்க காக்கா. வாப்பாவுக்கு பேர் போட்டாத்தான் அல்லாஹ்வுக்குத் தெரியுமா?" என்றான். மனம் லேசாகியது. பிறகு கேட்டான், "ஹாஜியார்ட உம்மாடதயும் கழட்டுறீங்கதானே?"

"கேக்கணும்."

"அவர்டத வச்சிட்டு எங்கட வாப்பாடத கழட்டினா சரியில்ல காக்கா. அவர் காசு கூடக் குடுத்தவர்தான். அதுக்காக."

"எல்லாம் கழட்டுறதுதான்."

"உங்கட உம்மாடத கழட்டிட்டீங்களா?"

"ஓம்," என்றேன்.

பொய். கழட்டச் சொல்லவே இல்லை. வாய்க்குள் வந்தது, சொல்லிவிட்டேன்.

மற்றவர்களும் அப்படித்தான். கழட்டலாம், ஆனால் மற்றவர்களுடையது கழட்டின பிறகு. இரண்டு பேர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒருவர், கழட்டினால் அந்த நன்மை நின்றுவிடுமா என்று மௌலவியிடம் கேட்டீர்களா என்றார்.

ஹாஜியாரிடம் போனில் கதைக்க முடியாது. வேலை முடிந்து கடைக்குப் போனேன். வெங்காயச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார்.

"மத்தவங்கடத கழட்டு," என்றார். "எங்கட உம்மாட ஒண்டு இருந்தா யானை வரப் போகுதா?"

"எல்லாம் வரிசையா இருக்கு ஹாஜியார். ஒண்டு மறைஞ்சாலும் இழுக்குமாம்."

"ஆர் சொன்ன?"

"மகள்."

"புள்ளைகள் படிச்சிட்டா நமக்கு ஒண்டும் தெரியாதெண்டுதான் சொல்லும்." சாக்கைக் கீழே வைத்தார். "நான் உம்மாட ஜனாஸாவுக்குப் போகல்ல. தெரியுந்தானே. விசா இல்ல. கப்றைக்கூட பாக்கல்ல. அந்தப் போட்டோவத்தான் பாத்துட்டு இரிக்கன். நீதான் சொன்ன. பள்ளி வாசல்ல வச்சு நீதான் சொன்ன."

நான் சொன்னதுதான்.

"பெட்டரிக்குக் காசு தாறன் எண்டு சொன்னன். தாறன். அதுக்கு மேல என்னட்ட கேக்காத."

வெளியே வந்தேன். மழை தூறியது. பஸ் தரிப்பில் நின்று போனைப் பார்த்தேன். முப்பத்தி நாலு. இறங்கிக்கொண்டிருந்தது.

7

இந்த வாரம் செவ்வாய் பகல் ராத்தாவுக்கு எடுத்தேன். யோசித்து எடுத்தேன். முதலில் எங்கள் உம்மாவின் பெயரைக் கழட்டச் சொல்ல வேண்டும். சொன்ன பொய்யையாவது உண்மையாக்க வேண்டும்.

"ராத்தா, உம்மாட பெனல்ல இருக்கிற பேர..."

"ஆர் சொன்ன?" என்றாள்.

"என்னத்த?"

"நான் வேணுமெண்டு செய்யல்ல தம்பி. மழை தொடங்கினதும் சதீஸ் தம்பி வந்து பாத்துட்டு சொன்னார், இந்தப் பேரெல்லாம் கழட்டணும், இல்லாட்டி கரண்ட் காணாதெண்டு. மத்தவங்கட பேர நாங்க எப்பிடிக் கழட்டுற? காசு தந்த ஆக்கள். எங்கட உம்மாடத மட்டும் கழட்டினன். உம்மா கோவிக்க மாட்டாதானே."

"மழை தொடங்கினதிலிருந்தா? மூணு மாசமா?"

"ஓம்."

"வெள்ளிக்கிழம போட்டோ வருதே. அதுல பேர் இருக்கே."

பக்கத்தில் இருந்த மச்சான் போனை வாங்கினார். "அது பழைய போட்டோ மச்சான். முதல் மாசம் எடுத்தது. அதத்தான் மாத்தி மாத்தி அனுப்பினன்."

இப்போது எடுத்துப் பார்க்கிறேன். எல்லாப் போட்டோவிலும் பெனலுக்குக் கீழே புல் காய்ந்து கிடக்கிறது. மாரி காலத்தில் எங்கே காய்ந்த புல். ஒவ்வொரு வெள்ளியும் பார்த்தேன். பெயரைத்தான் பார்த்தேன்.

"ஏன் என்னட்ட சொல்லல்ல?" என்று கேட்டேன்.

மச்சான் சங்கடப்பட்டார். "நீங்களும் காசு தந்த ஆள்தானே மச்சான். பேரக் கழட்டினா நீங்க மனம் நோவீங்க. மத்த ஆக்கள் பெட்டரி தராம விட்டுடுவாங்க. பெட்டரி வந்தா பேரும் இரிக்கும், கரண்டும் இரிக்கும் எண்டு பாத்தம்."

"சுவர் விழுந்த பிறகுமா?"

"அது நாலு கல்லுத்தானே."

நான் பஸ் கழுவுகிறவன். இங்கே எனக்கு யாரும் பயந்தது இல்லை. என் மகள் பயந்தது இல்லை. ராத்தா என்னைத் தூக்கி வளர்த்தவள். அவள் எனக்குப் பயந்து மூன்று மாதம் யானைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

"எல்லாத்தயும் கழட்டுங்க," என்றேன். "நாளைக்கே."

"ஹாஜியாருக்கு என்ன சொல்லுற?"

"கழட்டுங்க."

எப்படிக் கழட்டுவது என்று சொன்னேன். அது எனக்குத் தெரியும். பஸ் கண்ணாடியில் ஒட்டுகிறதையெல்லாம் சுரண்டுவது என் வேலை. காலையில், வெயில் ஏறுவதற்கு முதல். சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து மேலே போட்டு ஊற விட வேண்டும். பிளேட் கூடாது, கீறும். பிளாஸ்டிக் அடிமட்டம் போதும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய், பிறகு சவர்க்காரம்.

"பிஸ்மி இரிக்கி மச்சான். கீழ போட ஏலாது. என்ன செய்யிற?" என்று கேட்டார்.

நான் அதை யோசிக்கவில்லை. "ஒரு டின்னுக்க போட்டு பள்ளி அலுமாரியில வைங்க. குர்ஆன் வைக்கிற தட்டுல."

"உம்மாடத ராத்தா அவட யாசீன் கிதாபுக்க வச்சிரிக்கா."

"இரிக்கட்டும்."

8

புதன் காலையில் கழட்டினார்கள். பதினொன்றுக்கும் மூன்று மணித்தியாலம் எடுத்ததாம். மச்சான் தனியாக. உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை. பெயர் கழட்டுவதை யாராவது பார்த்து இங்கே சொல்லிவிடுவார்களோ என்று. அன்று அரை நாள் வெயில், அரை நாள் மூட்டம்.

பின்னேரம் சோறு தின்னும்போது பார்த்தேன். எழுபத்தெட்டு. கொஞ்சம் கழித்து எழுபத்தொன்று. மனிசியும் எட்டிப் பார்த்தாள். படுக்கும்போது ஐம்பத்தாறு. கோடு அறுபடவில்லை. எழும்பிப் பார்த்தேன், அங்கே வெயில் ஏறி இலக்கமும் ஏறிக்கொண்டிருந்தது.

ஸஹ்லாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். பெருவிரல் ஒன்று திரும்பி வந்தது. பிறகு, சுவர் எப்போது கட்டுவார்கள் என்று கேட்டிருந்தாள்.

இன்று வியாழன். பகல் ஒரு மணிக்கு ராத்தாவே கோல் எடுத்தாள். இரவு வேலிக்கு அங்கால யானை நின்றதாம், கம்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டதாம். அதை மச்சான்தான் பின்னால் இருந்து சத்தமாகச் சொன்னார். ராத்தா கேட்டது வேறு.

"தம்பி, ஹாஜியார் கோவமா?"

"இல்ல," என்றேன்.

"உண்மையா?"

"ஓம்."

அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு ஜும்ஆ. போட்டோ கேட்பார்.